தோட்டத்து மண்சாலையும் செப்பாங் தடமும்: ஒரு மைவிக்கு அப்சோபர் அமைத்த கதை

பின்னணி

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பந்திங் பட்டணத்தை விட்டு எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். இந்த ஆய்வில் வரும் கார் இரண்டாம் தலைமுறை பெரோடுவா மைவி, 1.5 மேனுவல். உரிமையாளர் முப்பதை எட்டாத இளைஞர். கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை. குடும்பத்தோடு தோட்டத்து வீட்டில் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் தினமும் ஓட்டும் பாதையில் இரண்டு விதமான சாலை இருக்கிறது. முதலில் தோட்டத்துச் செம்மண் சாலை. குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி அடுக்கடுக்காக வரி விழுந்த தரை, நடுநடுவே குழிகள், லயத்துப் பிள்ளைகளுக்காகப் போட்ட உயரமான வேகத்தடைகள். அதைத் தாண்டினால் தார்ச்சாலை. இந்தப் பக்கத்து நிலம் பல இடங்களில் சதுப்பு. அதன் மேல் போட்ட சாலை சீராக அமிழாது. ஓரிடத்தில் இறங்கும், ஓரிடத்தில் நிற்கும். பாலங்கள் தூணில் நிற்பதால் அசையாமல் இருக்க, அவற்றுக்கு ஏறும் சாலை மட்டும் இறங்கிவிடும். அதனால் 90-ல் போகும்போது கார் நீளமாக ஏறி இறங்கும், பாலத்து விளிம்பில் 'தடார்' என்று ஒரு அடி விழும்.

வேலை முடிந்து திரும்பும் வழியில் பந்தயத் தடமும் பக்கம்தான். செப்பாங் 1999-இல் திறந்த தடம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதில் 10 வலப்பக்கம், 5 இடப்பக்கம். இந்தக் கணக்கு பின்னால் டயரைப் பார்க்கும்போது உதவும். பொதுமக்களுக்குத் தடம் திறக்கும் நாட்களில் இவர் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போவார். அதே காரின் பின்சீட்டில்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், தம்பியைப் பள்ளியில் விடுவதும், கேஸ் தோங் (சிலிண்டர்) ஏற்றுவதும். இன்னொரு கார் வாங்கும் வசதி இல்லை. 'தடத்துக்குத் தனி வண்டி வாங்கு' என்ற அறிவுரை இங்கே செல்லாது.

வண்டி வந்த நிலை

தைப்பூசம் கழிந்த சமயத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தது. முன் ஆண்டு போட்ட ஹைலோ அப்சோபர் (உயரம் மாற்றக்கூடிய அதிர்வுதாங்கி), பாடிஷிப்ட் வகை: உயரத்தை ஸ்பிரிங் காலரிலும் (ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையம்) மாற்றலாம், அடித் தாங்கியைத் திருகியும் மாற்றலாம். ஸ்பிரிங் முன்னால் 8 கிலோ, பின்னால் 6 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அமுக்க அத்தனை கிலோ வேண்டும் என்பது அர்த்தம். ஒவ்வொரு அப்சோபருக்கும் 30 கிளிக் உள்ள சாப்ட்-ஹார்ட் குமிழ். நான்கும் கடைசி ஹார்டில் இருந்தன. முன்பக்கத்தை உரிமையாளரே காலரைத் திருகி நன்றாக இறக்கியிருந்தார்.

குறைகள் மூன்று. தோட்டத்துச் சாலையில் அம்மாவால் உட்கார முடியவில்லை. தடத்தில் நீண்ட வளைவுகளில் மூக்கு வெளியே இழுக்கிறது, ஸ்டீயரிங்கை மேலும் ஒடித்தாலும் கேட்பதில்லை. முன் டயர்கள் சீக்கிரம் தேய்கின்றன.

"அண்ணே, 10 கிலோ ஸ்பிரிங் போட்டா டிராக்ல சரியாயிடும்னு சொல்றாங்க. வீட்டுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றார். வீட்டுக்கும் தடத்துக்கும் நடுவே ஏதோ ஒன்றைப் பலி கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற முடிவோடுதான் வந்திருந்தார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

கூட வந்த அப்பா செம்பனை ஆலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னது வேறு: "ஸ்பிரிங் கடினமா இருந்தா இப்படிச் சத்தம் வராதுப்பா. எங்கேயோ ரப்பர்ல போய் இடிக்குது."

அளந்ததும் கண்டதும்

ஜாக்கியில் தூக்கியதும் ஒன்று தெரிந்தது. முன் ஸ்பிரிங்குகள் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. சுமார் 30 மில்லிமீட்டர் இடைவெளி. காலரை அவ்வளவு கீழே இறக்கியதால் வந்தது. சக்கரம் குழியில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு மறுபடி உட்காரும் 'டங்' சத்தமும் இதிலிருந்துதான்.

அடுத்து, தூசி உறையைக் கழற்றி, அப்சோபர் தண்டில் ஒரு கேபிள் டை மாட்டினோம். கார் ஓடும்போது தண்டு எவ்வளவு உள்ளே போகிறதோ அதுவரை டை தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். இதைவிட மலிவான அளவுகருவி இந்தத் தொழிலில் இல்லை. கார் சும்மா நிற்கும்போது பம்ப் ஸ்டாப் ரப்பரை (அப்சோபர் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) தொட முன்னால் 22 மில்லிமீட்டர்தான் மிச்சம். வீட்டுக்குப் போய்த் திரும்பி வரச் சொன்னோம். இரண்டு பக்கமும் டை ரப்பருக்குள் புதைந்து கிடந்தது.

கணக்கு எளிது. 8 கிலோ ஸ்பிரிங் 22 மில்லிமீட்டர் அமுங்கினால் தாங்கும் கூடுதல் பாரம் 176 கிலோ. அதற்கு மேல் வரும் எந்த அடியும் ரப்பர் வழியாக நேராக பாடிக்குத்தான் போகும். அப்பா சொன்னது சரி. அம்மாவின் முதுகுக்குப் போனது ஸ்பிரிங்கின் கடினம் அல்ல, அந்த ரப்பரின் இடி.

ஹார்டில் வைத்த குமிழ் இதை இன்னும் மோசமாக்கியது. இந்த வகைக் குமிழ் பெரும்பாலும் ரீபவுண்டை, அதாவது ஸ்பிரிங் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வரி விழுந்த மண்சாலையில் ஒரு மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் அடுத்த மேடு வருவதற்குள் முழுசாக விரிய வேண்டும். விரிய விடாமல் பிடித்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, இருந்த 22-ம் காணாமல் போகும்.

தடத்து இழுப்புக்கும் காரணம் இதேதான். வலது வளைவில் பாரம் இடது முன்சக்கரத்தில் ஏறுகிறது. அந்தப் பக்கம் ரப்பரில் முட்டிய நொடியே முன்பகுதியின் கடினம் பல மடங்காகிறது, டயரால் தாங்க முடியாமல் வழுக்குகிறது. போதாததற்கு, காரை இறக்கியதில் கீழ் ஆர்ம் சாய்ந்துவிட்டது. மைவியின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட்: அப்சோபரே சக்கரத்தை மேலே பிடிக்கும், கீழே ஒரு ஆர்ம் மட்டும். ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடியான) உயரத்தில் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிடத் தாழ்ந்திருக்கும். இந்தக் காரில் வெளிமுனை மேலே போயிருந்தது. அந்த நிலையில் கார் சாயும் மையம், காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் சாய்வும் கூடுகிறது. சாயும்போது சக்கரத்தின் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) தவறான பக்கம் போகிறது. கனமான ஸ்பிரிங் கொடுத்த லாபத்தை இறக்கம் தின்றுவிட்டது.

டயர் இதற்குச் சாட்சி சொன்னது. இடது முன் டயரில் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் நன்றாக இருந்தது. காற்று குறைவாக ஓடியது போலத் தோன்றும், ஆனால் காற்று சரி. வலது முன் டயரில் உள் ஓரம் மட்டும் தேய்வு. உள் ஓரத்தைத் தின்றது தினசரிச் சாலை: அலைன்மென்ட் மேடையில் டோ (மேலிருந்து பார்த்தால் இரு முன்சக்கரமும் உள்ளே குவிவது அல்லது வெளியே விரிவது) மொத்தம் 4 மில்லிமீட்டர் வெளியே திறந்திருந்தது. இடது டயரின் வெளி ஓரத்தைத் தின்றது செப்பாங்கின் 10 வலது வளைவுகள்.

எடையும் தேவைப்பட்டது. நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக நிறுக்கும் தராசு எங்களிடம் இல்லை. அப்பாவின் பழைய பழக்கத்தில், ஆலையில் குலை லோரி நிறுக்கும் எடைமேடையில் ஓய்வு நேரத்தில் ஏற்றினோம். முன் சக்கரங்கள் மட்டும் ஒரு முறை, முழுக் காரும் ஒரு முறை. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், ஆனால் இந்த வேலைக்குப் போதும். ஓட்டுநரோடு முன்னால் 640, பின்னால் 400.

முதல் முடிவு: ஒன்றும் வாங்குவதில்லை

புது ஸ்பிரிங் பற்றிப் பேசும் முன் இருப்பதைச் சரியாக மாட்டிப் பார்க்க முடிவெடுத்தோம். ஒரே நேரத்தில் பலதை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

முன் காலரை 30 மில்லிமீட்டர் ஏற்றித் தளர்ச்சியை எடுத்தோம். ரப்பருக்கு முன் இருந்த இடம் 22-இலிருந்து 52 ஆனது. அடித் தாங்கியில் 5 மில்லிமீட்டர் இறக்கியதால் கார் மொத்தம் 25 உயர்ந்தது. கீழ் ஆர்ம் ஏறக்குறைய படுக்கை நிலைக்கு வந்தது. பின்பக்கத்தை 15 ஏற்றினோம். குமிழ் நான்கையும் கடைசி ஹார்டிலிருந்து 20 கிளிக் பின்னால் வைத்தோம். டோவைப் பூஜ்யமாக்கினோம்.

இளைஞருக்கு முகம் வாடிவிட்டது. உயர்ந்த கார் அழகாக இல்லை என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து சொல், பிடிக்கவில்லையென்றால் பழையபடி இறக்கித் தருகிறேன் என்றேன்.

அவர் திரும்பி வந்தபோது 'டங்' சத்தம் இல்லை. டை, ரப்பருக்கு 18 மில்லிமீட்டர் முன்னால் நின்றது. அதாவது மோசமான அடிக்கும் முன்பக்கம் 34-தான் பயன்படுத்தியிருக்கிறது. பின்சீட்டு மட்டும் இன்னும் துள்ளியது.

செப்பாங்கில் முதல் பார்வை

அதே ஸ்பிரிங்கோடு ஒரு தட நாளுக்குப் போனோம். போகும் முன் பிரேக் எண்ணெயும் முன் பேடுகளும் மாற்றியாயிற்று. இங்கே இரண்டு நீண்ட நேர்ப்பாதை முடிவிலும் கடுமையாகப் பிடிக்க வேண்டும்; ஸ்டாக் பேடில் போவது சஸ்பென்ஷனைப் பற்றிய எந்தச் சோதனையையும் கெடுத்துவிடும். வழக்கமான வாகனக் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் தாங்காது என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன்.

5, 6-ஆம் வளைவுகளில் மூக்கு இழுப்பது பெருமளவு குறைந்தது. 15-இல் இன்னும் இருந்தது. அதற்குக் காரணம் பாதி தடமே. 2016-இல் மறுபடி தார் போட்டபோது அந்தக் கடைசிக் கொண்டையூசி வளைவின் உட்பக்கத்தை உயர்த்திவிட்டார்கள். தரை வெளிப்பக்கம் சாய்வதால் எந்தக் காரும் அங்கே வெளியேதான் நழுவும். அதைச் சரிசெய்யப் போய்க் காரின் மற்ற குணத்தைக் கெடுக்கக் கூடாது.

கவலை தந்தது 14. திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டிய இடம். அங்கே வால் லேசாகி ஆடியது. பிற்பகலில் வழக்கம்போல் மழை கொட்டியது. ஈரத்தில் ஆட்டம் தெளிவாகவே தெரிந்தது. அவர் ஒரு முறை காரோடு சுழன்று புல்லில் நின்றார். காருக்கும் அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்பிரிங் மாற்றம்: ஏன் 6, ஏன் 4

பின்பக்கம் டோர்ஷன் பீம், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுகக்கூடிய தண்டு. ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ. சக்கரமும் பீமின் பங்கும் போக ஸ்பிரிங் சுமப்பது ஏறக்குறைய 170. அதற்கு 6 கிலோ ஸ்பிரிங் அதிகம். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேரே இல்லாமல் பீமில் உள்ளே தள்ளி நிற்பதையும் கணக்கில் எடுத்துப் போட்டுப் பார்த்தால், பின்பகுதி நொடிக்குச் சுமார் 2.5 முறை துடிக்கும். ஸ்டாக் கார்கள் பொதுவாக 1-இலிருந்து 1.5-க்குள் இருக்கும். 2.5 என்பது மென்மையான ரேஸ் டயரும் சமதரையும் கேட்கும் எண். நம் சாலை டயர் ஈரத்தில் அதோடு ஒட்டாது. 4 கிலோ போட்டால் 2-க்குக் கொஞ்சம் மேலே வரும்.

முன்னால் டை சொன்னதை வைத்தே முடிவெடுத்தோம். 34 மில்லிமீட்டர், 8 கிலோ: மோசமான அடி சுமார் 272 கிலோ. 6 கிலோ ஸ்பிரிங்கில் அதே அடிக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும். கார் எடைக்கு அந்த ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்று பார்த்து காலரை வைத்தால் ரப்பருக்கு முன் கிடைப்பதும் 45தான். ஆண்டுக்கு ஒன்றிரண்டு குழியில் ரப்பரை லேசாகத் தொடும். ரப்பர் அதற்குத்தான் இருக்கிறது. 5 கிலோ போட்டால் 54 வேண்டும், இடம் இல்லை. அப்சோபரின் வால்வு 8 கிலோவுக்கு அமைத்தது என்பதும் இன்னொரு காரணம். 2 கிலோ குறைத்தால் குமிழைப் பின்னால் திருகிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் வால்வையே மாற்ற அனுப்ப வேண்டும்.

நான்கு ஸ்பிரிங்கும் வேலைக்கூலியும் சேர்த்து, ஒரு புது செட் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பின்பக்கத்துக்கு ஒரு பார் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டால் தடத்தில் கார் நன்றாகத் திரும்பும் என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். உலர்ந்த தடத்தில் அது உண்மை. ஆனால் தோட்டத்து முக்கில் லோரிச் சக்கரம் இழுத்து வந்த செம்மண் தார்மேல் படிந்திருக்கும். தூறல் விழுந்தால் சோப்புத் தண்ணீர் ஊற்றியது போல. அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அந்த முக்கில் வால் ஆடக்கூடாது. பார் போடவில்லை.

அலைன்மென்ட்: ஒரே அமைப்பு

தடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று கேம்பர் தட்டில் இரண்டு குறி போட்டு, அங்கே போய் மாற்றிக்கொள்வது பலர் செய்வது. வேண்டாம் என்று சொன்னேன். மேக்பெர்சனில் கேம்பரை அசைத்தால் டோவும் கூடவே அசையும். இரவு ஷிப்ட் முடிந்து நேராகத் தடத்துக்குப் போகிறவர், பிட்டில் வெயிலில் படுத்துக்கொண்டு டோ அளப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முன் கேம்பர் இரண்டு பக்கமும் மைனஸ் 2 டிகிரி, டோ பூஜ்யம்; ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போது அமைத்தது. தடத்துக்கு 2.5-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் தினசரிச் சாலையில் டயரைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, டோதான். டோ பூஜ்யமாக இருந்தால் 2 டிகிரியோடு டயர் பிழைத்துக்கொள்ளும். பின் பீமில் திருகி மாற்ற ஒன்றும் இல்லை, இருந்தபடியே விட்டோம்.

தடத்தில் மாற்றுவது இரண்டே இரண்டு. குமிழை முன்னால் 10, பின்னால் 12 கிளிக் என்ற நிலைக்குக் கொண்டுவருவது (எப்போதும் கடைசி ஹார்டிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், இல்லையென்றால் எண்ணிக்கை குழம்பும்). அப்புறம் காற்று. வீட்டுக்கு 220 கிலோபாஸ்கல். தடத்தில் குளிர்ந்த நிலையில் 190. டயர் 70 டிகிரிக்குச் சூடானால் தானே 225-ஐத் தாண்டும். திரும்பும் முன் மறுபடி 220-க்கு ஏற்ற வேண்டும். டயர் ஆறிய பின் 190-ல் அந்தப் பாலத்து விளிம்பில் ஏறினால் ரிம் வளையும்.

விளைவு

ஆண்டின் நடுவில் மறுபடி செப்பாங். அதே டயர், கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தது. உலர்ந்த தடத்தில் அவருடைய சிறந்த சுற்று, காரை இறக்கி வைத்திருந்த காலத்ததைவிட இரண்டு வினாடிக்குச் சற்று மேல் குறைந்தது. அதை முழுதாக ஸ்பிரிங்குக்கு எழுதிவிட முடியாது. இடையில் ஓட்டுநரும் கற்றுக்கொண்டிருக்கிறார், பேடும் மாறியிருக்கிறது. நான் மதிப்பது வேறு ஒன்றை: அடுத்தடுத்த சுற்றுகளின் நேரம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தது. 14-இல் வால் அமைதி. மழையிலும் ஓட்டினார், சுழலவில்லை. இடது முன் டயரில் வெளி ஓரத் தேய்வு இன்னும் கொஞ்சம் கூடுதல்தான். தட நாளுக்குப் பின் இடம் வலம் மாற்றிப் போடுகிறார். அந்த டயருக்குச் சுழலும் திசைக்குறி இல்லாததால் முடிகிறது.

வீட்டுப் பக்கம், அம்மா இப்போது பின்சீட்டில் உட்கார்ந்து போகிறார். 'பழைய அப்சோபர் மாதிரி இல்லை' என்பது அவருடைய தீர்ப்பு. உண்மைதான், ஸ்டாக் மென்மை திரும்ப வராது. இடிதான் போயிருக்கிறது. சதுப்பு நிலத்துச் சாலையின் நீள ஏற்ற இறக்கத்தில் கார் ஒரே மூச்சில் எழுந்து அமர்கிறது, இரண்டாவது ஆட்டம் இல்லை. பின்சீட்டில் இரண்டு பேரும் தோங்கும் ஏறினால் பின்பக்கம் ஓரளவு தாழ்கிறது. வேகத்தடையில் மெதுவாகப் போகவேண்டும், அவ்வளவுதான்.

தீராத ஒன்று

முன் மேல்தாங்கி பில்லோபால் வகை. ரப்பருக்குப் பதில் இரும்பு உருண்டை. ஸ்டீயரிங் துல்லியமாக இருக்கும். தோட்டத்துச் செம்மண் தூள் அதற்குள் புகுந்து சீக்கிரமே தேய்த்துவிடுகிறது. புது பேரிங்கும் ரப்பர் மூடியும் போட்டுக் கொடுத்தோம். சில மாதத்தில் மெதுவான வேகத்தில் 'டக் டக்' மறுபடி ஆரம்பித்தது.

மாற்றிச் செய்வது

இதே மாதிரி இன்னொருவர் வந்தால் வேலையின் வரிசை வேறாக இருக்கும். செட் வாங்கும் முன்பே ஸ்டாக் அப்சோபரில் டை மாட்டி ஒரு வாரம் ஓட்டச் சொல்வேன். அவருடைய சாலை எவ்வளவு இடம் கேட்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பின்சீட்டில் யார், எத்தனை பேர் என்று கேட்பேன். எடைமேடைக்கும் அப்போதே போவேன். பல தயாரிப்பாளர்கள் ஆர்டர் செய்யும்போதே ஸ்பிரிங் எண்ணைத் தேர்ந்தெடுக்க விடுகிறார்கள். முதலிலேயே 6-ம் 4-ம் கேட்டிருந்தால் வால்வும் அதற்கேற்ப வந்திருக்கும், நாங்கள் குமிழைப் பின்னால் திருகிச் சமாளிக்க வேண்டியிருக்காது.

மண்சாலையில் குடியிருப்பவருக்குப் பில்லோபால் பரிந்துரைக்க மாட்டேன். கேம்பரை இரண்டு நிலையில் மாற்றப்போவதில்லை என்று முடிவாகிவிட்டதால் இந்தக் காருக்கும் அது தேவையில்லை. அடுத்த சர்வீஸில் ரப்பர் மேல்தாங்கி போட்டு, மைனஸ் 2-ஐ ஸ்ட்ரட்டின் கீழ்த் துளையில் எடுக்கப் பார்க்கிறோம். மேல்தாங்கியின் தடிப்பு வேறுபடும் என்பதால் உயரம், ரப்பருக்கு முன் உள்ள 45, டோ மூன்றையும் அன்றைக்கு மறுபடி அளக்க வேண்டும்.